தென்னைக்கு வாங்கிய உப்பு

எங்கள் வீட்டுக் கொட்டிலில் ஒரு சாக்கு உப்பு இருந்தது. ஆனால் குசினியில் ஒரு கல் உப்பு இல்லை. எனக்கு ஒன்பது வயது நடந்த அந்த வருடம், சித்திரை தொடங்கி ஆவணி வரை, ஸ்கந்தபுரத்தில் நாங்கள் இப்படித்தான் சாப்பிட்டு வாழ்ந்தோம். சாக்கில் இருந்தது தென்னம்பிள்ளைகளுக்கு. கிணற்றடிக்குப் பின்னால் அப்பா நட்டிருந்த இரண்டு பிள்ளைகளின் அடியிலும் இடைக்கிடை ஒரு சிரட்டை உப்புப் போடுவார். உப்புப் போட்டால் தென்னை செழிக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விடயம். தென்னை உப்புத் தின்னலாம், அப்பா தின்னக் கூடாது. அந்த நியாயம் எனக்குப் பிடிபடவேயில்லை.

அப்பாவுக்குப் பிரஷர் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். சும்மா பிரஷர் இல்லை, இப்படியே போனால் சிறுநீரகத்தில் கைவைத்துவிடும் என்று சொல்லத்தக்க பிரஷர். விழுங்கக் குளிசையும் தந்து, உப்பையும் குறைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். வேறு வீடென்றால் அந்தப் பேச்சை ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அது முடியாது. அதற்கு முந்தின வருடம்தான் அப்பாவின் தமையன், என் பெரியப்பா, சிறுநீரகம் பழுதாகிக் காலமாகியிருந்தார். இரத்தம் சுத்திகரிக்கக் கிழமைக்கு இரண்டு தரம் அவரைக் கூட்டிக்கொண்டு போனவர்களில் அம்மாவும் ஒருவர். வீங்கிப்போன அந்தக் கால்களைத் தன் கையால் தூக்கிப் பஸ் படியில் வைத்தவர் அவர்.

கிளினிக்கால் வந்த அம்மா சீலைகூட மாற்றாமல் நேரே குசினிக்குள் போனார். உப்புச் சாடியை எடுத்தார். ஒரு சின்ன மருந்துப் போத்தலை உப்பால் நிரப்பி, காணி உறுதியும் என் காதுப்பூக்களும் கிடந்த அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மிச்சத்தைக் கொண்டுபோய்த் தென்னைச் சாக்கிலே கொட்டினார். சாடியைக் கழுவிக் காயவைத்து, வறுத்து இடித்த மிளகும் நற்சீரகமும் போட்டு நிரப்பினார். பிறகு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

“இண்டையில இருந்து இந்த வீட்டில ஒரு உலைதான். அவருக்கு வேற, எங்களுக்கு வேற எண்டு ரெண்டு சமையல் கிடையாது. இந்தப் போத்தில் மூடியால ஒரு மூடி உப்பு, ஒரு நாளைக்கு, எல்லாருக்கும் சேர்த்து. அதுக்கு மேல ஒரு கல்லும் இல்லை.”

கிளினிக்கில் தாதியாக இருந்த மிஸ்ஸி குறைக்கத்தான் சொன்னவர். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது. ஒன்றில் செய்வார், இல்லையென்றால் செய்யமாட்டார். என் தம்பிக்கு அப்போது மூன்று வயது. உப்பைப் பற்றி அவனுக்கு ஒரு கருத்தும் இல்லை. அவன் மண் தின்கிற பருவத்தில் இருந்தான். மண் தின்று அகப்பட்டால் அம்மா பூவரசங் கம்பால் காலில் ஒரு அடி போட்டு, கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டுபோய் வாயைக் கழுவிவிடுவார். அம்மாவின் சட்டத்தில் வாய்க்குள் போகக் கூடாத பொருட்களில் முதலாவது மண். இப்போது இரண்டாவதாக உப்பும் சேர்ந்தது.

அப்பா உப்புக்கே வாக்கப்பட்ட மனிதர். சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் உப்பைக் குவித்து வைத்து, ஒவ்வொரு கவளத்தையும் அதில் தொட்டுச் சாப்பிடுவார். கருவாட்டுத் தலை, மோர் மிளகாய், ஊறுகாய், அப்பளம் எல்லாம் அவருடைய கூட்டாளிகள். அவ்வளவு பேரையும் அம்மா ஒரே நாளில் படலைக்கு வெளியே அனுப்பிவிட்டார்.

முதல் கிழமைச் சாப்பாட்டைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. பருப்புக் கறி வாயில் வைத்தால் வைக்கோல். தேங்காய்ப்பால் சொதி வெறும் வெள்ளைத் தண்ணீர். குளத்து யப்பான் மீனின் சேற்று மணத்தை இத்தனை நாளும் உப்புத்தான் மறைத்து வைத்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அப்பா நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, சோற்றைக் கோப்பைக்குள்ளேயே அங்கும் இங்கும் தள்ளி, “காணும், வயிறு நிறைஞ்சிட்டுது” என்று எழும்பிவிடுவார். வயலில் நின்று வேலை செய்கிற மனிதர். பத்து நாளில் அவருடைய கன்னம் உள்ளே போனது. சேட்டு தோளில் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லாவியிலிருந்து மாமா வருவார். அம்மாவின் தம்பி. அக்காவின் சமையலுக்காகவே மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கிறவர். அந்த ஞாயிறு ஒரு வாய் வைத்துவிட்டு, “அக்கா, வார்ட் சாப்பாடு நல்லாயிருக்கு. கட்டில் எங்கை?” என்று கேட்டார். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு மாமா ஒரு முறைப்பாடும் இல்லாமல் இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குச் சந்தேகம் வந்தது. குனிந்து பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்புகிற நேரமெல்லாம் மாமாவின் கை சேட்டுப் பொக்கற்றுக்குள் போய்வந்தது. அதற்குள் கொப்பித் தாளில் மடித்த உப்பு.

அம்மாவும் கண்டுவிட்டார். அகப்பையோடு வந்து கையை நீட்டினார். அது உப்பைக் கையில் வாங்குவதற்கு நீட்டிய கை இல்லை, நிலத்தில் வை என்று காட்டிய கை. உப்பைக் கையில் கொடுத்து வாங்கினால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பார்கள். மாமா பொட்டலத்தை மெதுவாக நிலத்தில் வைத்தார்.

“என்ர வீட்டில சாப்பிடுறதெண்டால் இப்பிடித்தான் சாப்பாடு. ஏலாதெண்டால் சந்திக் கடையில போய்ச் சாப்பிடு.”

மாமா கடைக்குப் போகவில்லை. முகத்தைச் சுளித்துச் சுளித்து மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார். நான் அன்று கற்றுக்கொண்டது வேறு பாடம்.

அடுத்த நாளே கொட்டிலுக்குள் போனேன். வெறும் நெருப்புப்பெட்டி ஒன்றை எடுத்துத் தென்னைச் சாக்கிலிருந்து உப்பு நிரப்பினேன். மத்தியானத்தில் அப்பா மாமரத்தடி வாங்குப் பலகையில் இருந்துதான் சாப்பிடுவார். கோப்பையையும் தண்ணீர்ப் பேணியையும் குசினியிலிருந்து கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. பேணியை வாங்கில் வைத்து, அதன் பக்கத்தில் நெருப்புப்பெட்டியையும் வைத்தேன். கையில் கொடுக்கவில்லை. அப்பாவோடு சண்டை வருவதை நான் எப்படி விரும்புவேன்?

அப்பா பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் ஏசப்போகிறார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. “நீங்கள் சாப்பிடாட்டில் பெரியப்பா மாதிரிப் போயிடுவியள்” என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அப்பா பெட்டியை மூடி இடுப்புச் சாரத்து மடிப்புக்குள் செருகிக்கொண்டார். “இது எங்கட ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும், பிள்ளை. அம்மாட்டைச் சொல்லிப்போடாதை” என்றார். “ஓடிப்போய் ஒரு பச்சை மிளகாய் எடுத்துக்கொண்டு வா.” நான் மிளகாயோடு ஓடி வந்தபோது அவர் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று கோப்பையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. கிணற்றடிக் கல்லில் நின்று கை கழுவிவிட்டு வெறும் பெட்டியைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போனார். நான் அதை எடுத்து ஒளித்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு பெருமைப்பட்ட நாள் அதற்கு முன் இல்லை.

அதன்பிறகு ஒரு நாளும் தவறவில்லை. பள்ளிக்கூடத்தால் வந்ததும் முதல் வேலை பெட்டியை நிரப்புவது. காய்ச்சலாகக் கிடந்த அன்றுகூடத் தம்பிக்குக் காவல் நிற்பதாகச் சொல்லிக்கொண்டு எழும்பிப்போய் வைத்துவிட்டு வந்து படுத்தேன். அப்பாவும் ஒவ்வொரு நாளும் பெட்டியைத் திறப்பதற்கு முன் எனக்கு ஒரு வேலை வைத்திருப்பார். விசிறி எடுத்து வா, மாட்டைப் பார்த்து வா, தம்பி எங்கே பார். நான் திரும்பி வரும்போது பாதிக் கோப்பை முடிந்திருக்கும். “இண்டைக்குத்தான் வாய்க்கு ருசி” என்பார். நான் கண்ணைச் சிமிட்டுவேன்.

அப்பா கோப்பையை வழித்துச் சாப்பிடத் தொடங்கியதும் அம்மாவுக்கு உசார் பிடித்துவிட்டது. தன் சமையல்தான் வென்றது என்று அவர் நினைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஆனால் அம்மா வென்றவரைப் போல ஓய்ந்திருக்கவில்லை, இன்னும் மூர்க்கமாக இறங்கினார். குளத்து மீனைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, உள்ளியும் மிளகும் அரைத்துப் பூசி, சட்டியில் கறியை வற்ற வற்ற விட்டார். சொதியை அடுப்பால் இறக்கி ஆறவிட்டு, கடைசியில் தேசிக்காய் பிழிந்தார். தேங்காய்ப்பூவைப் பொன்னிறமாக வறுத்து, சுட்ட செத்தல் மிளகாயும் புளி மாங்காயும் சேர்த்து இடித்துச் சம்பல் செய்தார். அந்தச் சம்பலின் வாசம் றோட்டில் போகிறவர்களைப் படலையில் நிற்க வைக்கும். முருங்கையிலை வறைக்கு வெங்காயத்தைக் கருகும் பதம்வரை வதக்கினார். அந்த ஒரு மூடி உப்பையும் கொதிக்கிற கறிக்குள் போட்டுத் தொலைப்பதில்லை. இறக்கிய பிறகு மேலால் தூவுவார். நாக்கு முதலில் அதைத்தான் தொடும், பிறகு மிச்சத்தை மன்னித்துவிடும் என்பது அவருடைய கணக்கு.

உண்மையைச் சொன்னால், இரண்டாம் மாதத்தில் எனக்கும் அந்தச் சாப்பாடு பிடித்துவிட்டது. பெட்டி நிரப்பும்போது ஒரு கல்லை நக்கிப் பார்த்தேன். கசந்ததுபோல் இருந்தது, துப்பிவிட்டேன். எனக்கே உப்பில்லாமல் ருசிக்கிறதே, அப்பாவுக்கு எதற்கு என்று ஒரு நிமிடமாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நான் அப்பாவின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், எனக்கு நேரமில்லை.

அம்மாவின் சமையலுக்கு உயிர்நாடியாக இருந்தது கறிவேப்பிலை. உப்பு விட்ட இடத்தை வாசத்தால் நிரப்ப வேண்டும் என்று கைநிறைய உருவிப் போடுவார். அயல் வீடுகளில் எத்தனை நாளைக்குத்தான் கேட்பது? ஒரு நல்ல கன்றாக வாங்கிவந்து குசினிக்குப் பின்னால் நட்டிருந்தார். அந்த வருடம் வெயில் பொல்லாத வெயில், கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. கிணற்றடிக் கல்லில் கை கால் கழுவுகிற தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலால் ஓடித் தென்னம்பிள்ளைகளுக்குப் போகும். அம்மா ஒரு நாள் மண்வெட்டியை எடுத்துக் கிணற்றடியை மறைத்து நின்ற கிடுகு வேலிக்கு இந்தப்பக்கம் அந்த வாய்க்காலை மறித்து, கறிவேப்பிலைக்குத் திருப்பிவிட்டார். ஈரம் காயாமல் அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டைகளைப் பரப்பினார். நான்தான் மட்டை பொறுக்கிக் கொடுத்தேன். தென்னைக்கு அப்பா பின்னேரத்தில் வாளியாலும் ஊற்றுகிறவர்தானே என்று, இதை அவரிடம் சொல்ல அம்மாவுக்குத் தோன்றவில்லை. குசினிப் பின்புறம் அம்மாவின் இராச்சியம், அப்பா அந்தப் பக்கம் வருவதே இல்லை.

ஒரு மாதம் கன்று தளதளவென்று நின்றது. பிறகு இலைகளின் ஓரம் தீயில் காட்டியதுபோல் கருகத் தொடங்கியது. அம்மா புளித்த மோர் ஊற்றினார். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினார். சாம்பல் தூவினார். பக்கத்து வீட்டுக்காரியின் கண் பட்டுவிட்டது என்று செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார். கன்று கேட்கவில்லை. கொப்புக் கொப்பாக இலையைக் கொட்டிக்கொண்டே போனது. அம்மா முதல் தடவையாகச் சோர்ந்துபோய் அடுக்களை வாசலில் இருந்ததை அப்போதுதான் கண்டேன். கிளினிக்குக்கு ஒரு கிழமை இருந்தது. “இந்த ஒரு மரமும் நிண்டு தந்தால் காணும் எண்டு நினைச்சன்” என்றார், எனக்கா தனக்கா என்று தெரியவில்லை. மறுநாள் விடியவே நடந்துபோய் மூன்று வீடு தள்ளி ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்கிவந்தார். சமையல் நிற்கவில்லை.

கிளினிக்குக்கு நானும் போனேன். மிஸ்ஸி அப்பாவின் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தரம் அடித்துப் பார்த்தார். அம்மா கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். “நல்லா இறங்கியிருக்கு. என்னம்மா செய்தனீங்கள்?” என்று மிஸ்ஸி கேட்டார். அம்மா அழுதுவிட்டார். மூன்று மாதமாக உப்புக்கும் அசையாத மனுசி அங்கே நின்று அழுதார். அப்பாதான் பதில் சொன்னார். “நல்லாச் சமைச்சுத் தந்தவா, மிஸ்ஸி.”

நான் ஒரு மூலையில் நின்று எல்லோரையும் மன்னித்துக்கொண்டிருந்தேன். பாவம், படித்தவர்கள். நாளுக்கு ஒரு பெட்டி உப்புத் தின்ற மனிதருக்குப் பிரஷர் இறங்கியிருக்கிறது. டொக்டர்மாருக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அடுத்த நாளிலிருந்து பெட்டியை விரலால் அமுக்கி அமுக்கி, இன்னும் நிறைய நிரப்பினேன்.

ஆவணி பிறந்து சில நாளில் கன்று முற்றாகப் பட்டுப்போனது. ஒரு ஞாயிறு காலை அம்மா அதைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் புதிதாக ஒன்று நடுவது என்று தீர்மானித்தார். தோற்றுப்போவது அவருக்குத் தெரியாத தொழில். மண்வெட்டி பிடிக்க அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா அன்றுதான் பல மாதத்துக்குப் பிறகு குசினிப் பின்புறம் வந்தார். நான் புதுக் கன்றை வைத்துக்கொண்டு நின்றேன். தம்பி பக்கத்தில் இருந்து மண்ணை அளைந்தான்.

அம்மா பொச்சுமட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். அடியில் இருந்த செம்மண் சிவப்பாக இல்லை. வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அம்மா குந்தியிருந்து அதை உற்றுப் பார்த்தார். ஒரு சின்னக் கட்டியை உடைத்தார். பிறகு நான் இன்றுவரை மறக்காத ஒன்றைச் செய்தார். அந்த மண்ணைக் கிள்ளி எடுத்துத் தன் நாக்கில் வைத்தார்.

மண்ணுக்காகப் பூவரசங் கம்பு முறித்த அம்மா! தம்பிகூட அளைவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

அம்மா துப்பவில்லை. அப்படியே இருந்தபடி வாய்க்காலைப் பார்த்தார். அது வருகிற வழியே கண்ணை ஓட்டி, கிடுகு வேலிக்கு அப்பால் கிணற்றடிக் கல்லைப் பார்த்தார். பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பாவோ, அம்மா மறித்துத் திருப்பியிருந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். களவெடுத்து அகப்பட்ட பொடியனைப் போல அவர் முகம் சிவந்திருந்தது.

“நான் தென்னைக்குத்தான் போகுதெண்டு நினைச்சன்” என்றார்.

அம்மாவின் கண் அப்பாவை விட்டு என் பக்கம் வந்தது. என் சட்டைப் பொக்கற் நெருப்புப்பெட்டியால் புடைத்திருந்தது. கையால் பொத்திக்கொண்டேன். மாமாவுக்குக் கிடைத்ததைவிடப் பெரிதாக ஏதோ எனக்குக் கிடைக்கப்போகிறது என்று காத்துக்கொண்டு நின்றேன். அம்மா சிரிக்கத் தொடங்கினார். குந்தியிருந்தவர் நிலத்திலேயே இருந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்தது. மண் கையாலேயே துடைத்தார், முகமெல்லாம் செம்மண். அப்பாவும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தார். இரண்டு பேருக்கும் வெயில் ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். அன்று மத்தியானம் மாமா வந்து இறங்கியதும் இறங்காததுமாக ஓடிப்போய், “அம்மா மண் திண்டவா!” என்று கோள் மூட்டினேன்.

புதுக் கன்றை அம்மா அந்தக் குழியில் நடவில்லை. குசினியின் மறுபக்கத்தில் நட்டார். வாய்க்காலைத் திரும்பவும் தென்னைக்கே வெட்டிவிட்டார். உப்புச் சாக்கு கொட்டிலில் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குமேல் கிடந்த பழைய தட்டுமுட்டுச் சாமான்களை மட்டும் யாரோ எடுத்து ஒதுக்கியிருந்தார்கள். எனக்குக் கை எட்டுவது சுகமாக இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் அம்மா கோப்பையை என் கையில் தந்தார். வழக்கத்தில் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

“அப்பாவுக்கு வைக்கவேண்டியது எல்லாம் வைச்சிட்டியோ, பிள்ளை?”

“ஓம் அம்மா” என்றேன். பொக்கற்றுக்குள் பெட்டி கலகலத்தது. அம்மா முகத்தைச் சட்டென்று அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் ஒரு தரம் குலுங்கியது. அடுப்புப் புகை என்று நினைத்தேன். மாமரத்தடிக்கு நடந்து போகும்போது எனக்கு அவரை நினைக்க உண்மையிலேயே கவலையாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டுச் சமைக்கிறா, பாவம், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.